நாலு விரல் குறைஞ்ச பந்து

டண்டினொங்
8.11.2025

அண்ணைக்குத் திலகம் எழுதிறது,

சுகம் கேக்கிறதுக்கு எழுதேல்லை. போனிலை கதைச்சால் நான் கத்துவன், நீங்கள் "ம்... ம்..." எண்டுபோட்டு வைச்சிடுவியள். அதாலை ஷர்வின்ரை பழைய பள்ளிக்கூடக் கொப்பியிலை ஒற்றை கிழிச்சு எழுதிறன்.

ஒரு கேள்விதான். போன ஞாயிறு மட்ச் முடிஞ்சு எங்கை போனனீங்கள்?

நாலாம் கேற்றடியிலை நானும் இவரும் பிள்ளையும் ஒண்டேகால் மணித்தியாலம் நிண்டனாங்கள். "கேற்றிலை நில்லுங்கோ, கூட்டிக்கொண்டு வீட்டை போவம்" எண்டு சொன்னது நீங்கள். உங்களுக்கெண்டு நண்டுக்கறி வைச்சு, ஐஸ்பெட்டியிலை போட்டு, மெல்பேணிலையிருந்து சிட்னி மட்டும் ஒன்பது மணித்தியாலம் ஒரு சொட்டு ஊத்துப்படாமல் கொண்டு வந்தனான். கடைசியிலை ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்து, "தேவ் பின்பக்கத்தாலை எப்பவோ போட்டார்" எண்டான். போன் அடிச்சால் ஓஃப்.

இவர் போய்க் காரிலை ஏறினார். காரைத் திருப்பினார். வழியிலை கோல்பேணிலை பெற்றோல் அடிக்க நிப்பாட்டேக்கை நண்டை அப்பிடியே குப்பைத்தொட்டியிலை கொட்டினன்.

எனக்கு உந்த அமெரிக்கன் ஃபுட்போல் விளங்கிறேல்லை. தலைக்குச் சட்டி மாதிரி ஒண்டைப் போட்டுக்கொண்டு முட்டுப்படுகினம், பேந்து நிண்டு கதைக்கினம், பேந்தும் முட்டுப்படுகினம். எனக்கு விளங்கினது ஒண்டுதான். கடைசி நிமிசத்திலை என்ரை பிள்ளை ஷர்வின் காலாலை அடிச்ச பந்து அந்த மஞ்சள் கம்பத்துக்கு நடுவாலை போகேல்லை. குறுக்குக் கம்பிக்குக் கீழை விழுந்திட்டுது. மெல்பேண் ரெண்டு புள்ளியாலை தோத்திட்டுது. போன் முழுக்க ஆர் ஆரோ அவனைப் பற்றி எழுதிக் கிடக்கு. "போய்க் கறி காய்ச்சு" எண்டு ஒரு நாய் எழுதியிருக்கு.

அவையள் பிறத்திச் சனம். நீங்கள் தாய்மாமன். உவன் என்ரை மருமோன் எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமாப் போச்சோ?

அதை மட்டும் எழுதுங்கோ.

திலகம்

பி.கு: பிள்ளை கார் முழுக்க ஒரே ஒரு கதைதான் கதைச்சவன். "லீவ் இற், அம்மா. மாமாவை விடுங்கோ."

* * *

வென்ற்வேர்த்வில், சிட்னி
15.11.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன்ரை கடிதம் புதன்கிழமை வந்திருக்கு, நான் எடுத்தது வெள்ளி. எங்கடை தபால்பெட்டிக்குள்ளை நத்தை குடியிருக்கு. உன்ரை ஒற்றையிலை ஒரு மூலையைத் திண்டிட்டுது. ஆனால் நீ பேசின பேச்சிலை ஒரு எழுத்தையும் அது தொடேல்லை, எல்லாம் முழுசாக் கிடைச்சுது.

விளையாட்டு விளங்கேல்லை எண்டு எழுதியிருக்கிறாய். நான் நாலாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்கே விளங்கினது, உனக்கு விளங்காதே? இதிலை ஒரு ரீமுக்கு நாலு தரம் தருவினம். அந்த நாலு தரத்துக்குள்ளை பந்தோடை பத்து யார் தூரம், முப்பது அடி, முன்னுக்குப் போகவேணும். போனால் திரும்பவும் நாலு தரம். போகேலாட்டில் பந்தை மற்றவைக்கு விடவேணும், இல்லாட்டில் எங்கடை ஷர்வின் மாதிரி ஒருத்தனைக் கூப்பிட்டு, நிண்ட இடத்திலையிருந்து கம்பத்துக்கு அடிச்சுப் பாக்கவேணும். நடுவாலை போனால் மூண்டு புள்ளி.

இப்ப, பத்து யார் போச்சுதோ இல்லையோ எண்டு ஆர் சொல்லுறது? அங்கைதான் நான் வாறன். கோட்டோரத்திலை ரெண்டு தோடம்பழக் கலர்க் கம்பு. ரெண்டுக்கும் நடுவிலை பத்து யார் நீளத்துக்குச் சங்கிலி. பின்கம்பு நான். பந்து முதல் இருந்த இடத்திலை நான் நிப்பன். முன்கம்பு கிரேக். அவன் முந்தி ரயில் ஓட்டினவன். ஒரு காதுக்குள்ளை எப்பவும் குதிரை ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும். அவன்ரை குதிரை வெண்டால் சங்கிலி ஒருக்கா ஆடும், எனக்கு இஞ்சையிருந்தே தெரியும்.

அந்த மைதானத்திலை புல்லு வெட்டுறதும் கோடு கீறுறதும் என்ரை வேலை எண்டு உனக்குத் தெரியும்தானே. இந்தப் புது லீக் வந்தோடனை, "தேவ், ஞாயிறிலை கம்பும் பிடிக்கிறியோ?" எண்டு கேட்டவை. முதல் சீசன் எண்டு பஸ்ஸிலையெல்லாம் படம் ஒட்டிக்கிடந்தது. ஆறு ரீம். சிட்னி ரீமுக்குப் பேர் கொக்கற்றூ, மெல்பேணுக்குப் பொஸம். கிளிக்கும் மரத்திலை ஓடுற பெரிய எலிக்கும் சண்டை. முதல் மட்சுக்குச் சனம் கதிரையில்லாமல் நிண்டது. எட்டாம் கிழமை கதிரைகள் சனமில்லாமல் இருந்தது. சங்கிலியிலை இடம் மாறாமல் இருக்க ஒரு கிளிப் கொழுவவேணும். அது ரெண்டாம் கிழமையே உடைஞ்சு போச்சு. புதுசு வரும், வரும் எண்டினம். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும், கிளிப் வாங்காத லீக் எத்தினை நாளைக்கு எண்டு.

சரஸ்வதி பூசைக்கு நான் செய்த வேலையை உனக்குச் சொன்னனானோ? சாமானெல்லாத்துக்கும் பொட்டு வைச்சனான். புல்லு வெட்டுற மெசினுக்கு, பெயின்ற் வாளிக்கு, ரெண்டு கம்புக்கும் சங்கிலிக்கும். சந்தனம், குங்குமம். அந்த ஞாயிறு கமராக்காரன் என்ரை கம்பைக் கிட்டக் காட்டி, பேந்து என்ரை மூஞ்சையைக் காட்டி, பெரிய ஸ்கிரீனிலை போட்டிட்டான். மைக்கிலை கதைக்கிறவன் "ஹோலி ஸ்ரிக்!" எண்டான், சாமிக் கம்பாம். முழு மைதானமும் சிரிச்சுது. நானும் சிரிச்சனான். சிரிச்சுக்கொண்டு நிண்டால்தானே அவங்களுக்கு அது பகிடி. அதுக்குப் பிறகு பியர் விக்கிற பெடியளும் என்னை ஹோலி ஸ்ரிக் எண்டுதான் கூப்பிடுறாங்கள்.

கம்பு எண்டோடனை எனக்கு ஐயாவின்ரை வேலி வழக்கு ஞாபகம் வருது. பக்கத்து வளவுக்காரர் கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டிட்டார் எண்டு பன்ரண்டு வருசம் கோட்டுக்குப் போனவர். வழக்கு வெண்டு வரேக்கை அந்தச் சாண் நிலத்திலை ஒரு பூசணிக் கொடிகூட வைக்கேலாது. ஆனாலும் அவர் வந்து அதிலை நிண்டார். சும்மா, கையைக் கட்டிக்கொண்டு, பொழுதுபடும் மட்டும் நிண்டார். "சாண் எண்டாலும் அது ஞாயம்" எண்டார்.

ஒற்றை முடியப் போகுது. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. அதாலை நேரத்தோடை போட்டன்.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

அண்ணை

* * *

டண்டினொங்
21.11.2025

அண்ணை,

நாலு பக்கம் எழுதியிருக்கிறியள். நத்தை வந்திட்டுது, குதிரை வந்திட்டுது, செத்துப்போன ஐயாவும் வந்திட்டார். நான் கேட்ட கேள்விக்குக் காய்ச்சலாம். அதுவும் காய்ச்சல் மாதிரியாம்.

லீக் மூடிட்டினம். கேள்விப்பட்டிருப்பியள். நேற்று எல்லாருக்கும் ஈமெயில் வந்தது. இன்னும் ரெண்டு கிழமை மட்ச் கிடந்தது, இனி இல்லை. இவர் வாசிச்சுப்போட்டு, "அருமையான லீக், எங்கடை கலியாண ஹோல் புக்கிங்கை விடக் குறைஞ்ச காலம் நடந்திருக்கு" எண்டார். ஷர்வின் சிரிக்கேல்லை.

அவன் தன்ரை அடிக்கிற சப்பாத்தைப் பழைய உடுப்புப் போடுற பெட்டியிலை கொண்டுபோய்ப் போட்டிட்டான். நான் அந்தப் பெட்டிக்குள்ளை தோள்மூட்டு மட்டும் கையை விட்டு, ஆரோ ஒருத்தியின்ரை போர்வை, ஆரோ ஒருத்தற்றை காச்சட்டை எல்லாம் இழுத்துப் போட்டு, ஒரு சப்பாத்துத்தான் எடுத்தன். மற்றது கிடைக்கேல்லை.

வாற மாதம் பதின்மூண்டாம் திகதி, சனிக்கிழமை, மெல்பேண் ரீம் பெடியள் எல்லாரும் இஞ்சை பார்க்கிலை பார்பகியூ போட்டுப் பிரியப் போகினம். அவன்ரை அமெரிக்கக் கோச் அண்டைக்குத் தன்ரை சிநேகிதர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறாராம். அங்கத்தைக் கொலிஜுக்கு அடிக்கிற பெடியளைத் தேடுறவராம். ஷர்வினை ஒருக்கா அடிச்சுக் காட்டச் சொன்னவையாம். இவன் போகமாட்டன் எண்டு நிக்கிறான். "அவங்கடை மூஞ்சையிலை என்னாலை முழிக்கேலாது, அம்மா." அவ்வளவுதான். கதவைச் சாத்திப்போடுவான்.

ஒரு பந்து கீழை விழுந்ததுக்கு இவ்வளவோ? அவனுக்கு வயசு இருபத்திரண்டு. எனக்கென்னவோ அவனுக்குள்ளை வேறையும் என்னவோ கிடக்கு எண்டு படுது. 

சின்னனிலை அவனுக்கு முதல் பந்து வாங்கிக் குடுத்தது நீங்கள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பான். ஆனால் நீங்கள் ஓடின ஆள். ஓடின ஆள் என்னத்தைச் சொல்லுறது.

உண்மையை எழுதுங்கோ. இல்லாட்டில் இனி எழுதவேண்டாம்.

திலகம்

* * *

வென்ற்வேர்த்வில்
27.11.2025

திலகம்,

இதை நான் மூண்டு தரம் எழுதிக் கிழிச்சனான். நாலாம் தரம் இது. இதிலையும் பத்து யார் போகாட்டில் விட்டிடுவன் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதிறன்.

ஷர்வினாலை எனக்கு வெக்கமில்லை. என்னாலைதான்.

கடைசி மூண்டு நிமிசம். மெல்பேண் சிட்னியை விட ரெண்டு புள்ளி பின்னுக்கு. மெல்பேணுக்கு முதலாம் தரம். நான் பின்கம்பைச் சரியான இடத்திலை வைச்சனான். எப்பிடி அவ்வளவு சரியாத் தெரியும் எண்டால், அந்த இடத்திலை ஓரக்கோட்டிலை பெயின்ற் சிந்தி, வாத்துக்கால் மாதிரி ஒரு அடையாளம் கிடந்தது. வெள்ளிக்கிழமை கோடு கீறேக்கை நான்தான் சிந்தினனான். அந்த வாத்துக்காலிலை கம்பு.

ரெண்டாம் தரம் பெடியள் உருண்டு பிரண்டு எங்கடை பக்கம் வந்தாங்கள். அப்பிடி வந்தால் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு ஓடவேணும், அதுதான் சட்டம். ஓடினன். ஓடேக்கை சங்கிலியை மிதிச்சுப் போட்டன்.

நீயும் நானும் ஒரே வயித்திலை பிறந்தனாங்கள், உனக்கு விளங்கும். கொப்பியை மிதிச்சால் என்ன செய்வம்? விளக்குமாறைத் தவிர வேறை எதை மிதிச்சாலும் என்ன செய்வம்? அதுவும் அது நான் பொட்டு வைச்ச சங்கிலி. நான் யோசிக்கேல்லை, கைதான் போனது. குனிஞ்சு தொட்டுக் கண்ணிலை ஒத்தினன். ஒரு கையிலை கம்பு, மற்றக் கை கண்ணிலை. நிமிந்து பாக்க, றெஃப்ரி "செற்! செற்!" எண்டு கத்துறான். நான் கம்பை வைச்சன். எங்கையோ வைச்சன்.

மூண்டாம் தரம் மெல்பேண் பெடியன் ஒருத்தன் பந்தோடை பாய்ஞ்சான். பத்து யார் வந்துதோ இல்லையோ தெரியேல்லை. அளக்கச் சொன்னாங்கள். கம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளை போகவேணும். அப்பதான் கீழை பாத்தன். வாத்துக்கால் எனக்குப் பின்னாலை கிடந்தது. ஒரு சப்பாத்து நீளம் பின்னாலை.

அப்ப என்னெண்டால், சங்கிலி முழுக்க ஒரு சப்பாத்து நீளம் முன்னுக்குப் போட்டுது. மெல்பேண் பெடியள் ஓடவேண்டிய தூரம் கூடிப்போச்சு.

கிரேக் திரும்பி, "ஓல் குட், தேவ்?" எண்டு கேட்டான். அவன் எல்லா அளவையிலும் அப்பிடிக் கேக்கிறவன்.

நான் "யெஸ், யெஸ்" எண்டன்.

திலகம், அந்த நேரம் என்ரை தலைக்குள்ளை என்ன ஓடினது தெரியுமோ? "நான் சங்கிலியைக் கும்பிடப்போய்க் கம்பு மாறிப்போச்சு" எண்டதை இங்கிலீசிலை என்னெண்டு சொல்லுறது? சொன்னால் கமரா வரும். பெரிய ஸ்கிரீனிலை திரும்பவும் என்ரை மூஞ்சை வரும். ஹோலி ஸ்ரிக். பேந்து, மெல்பேணுக்கு அடிக்கிறவன் தன்ரை மருமோன் எண்டபடியால்தான் கிழவன் இடத்தை மாத்தச் சொல்லுறான் எண்டுவாங்கள். இதெல்லாம் ஒரு மூச்சு விடுற நேரத்துக்குள்ளை ஓடினது. நான் கெட்டித்தனமா யோசிச்ச ஒரே ஒரு நேரம் அது.

சங்கிலியை இழுத்துப் பிடிச்சம். பந்து முன்கம்புக்கு நாலு விரல் குறைஞ்சு போச்சு. நாலே நாலு விரல். அதுக்குப் பிறகுதான் ஷர்வினைக் கூப்பிட்டவை. கம்பு சரியான இடத்திலை இருந்திருந்தால் அவனை அவ்வளவு தூரத்திலையிருந்து அடிக்கக் கூப்பிட்டிருக்க மாட்டினம். திரும்ப நாலு தரம் கிடைச்சிருக்கும். இன்னும் கிட்டப் போயிருப்பினம்.

அவன் பந்துக்குப் பின்னாலை நடந்து போகேக்கை என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தான். நான் நிலத்தைப் பாத்தன். அதுக்குப் பிறகு நாலாம் கேற்றுக்கு என்ன மூஞ்சையோடை வாறது? மெசின் வைக்கிற ஷெட்டுக்குப் பின்னாலை ஒரு சின்னக் கேற் இருக்கு. குப்பை எடுக்கிற கேற். அதாலை போனனான். ஹரிஸ் பார்க் மட்டும் நடந்து, ஒரு ஸ்வீற் கடை வாசலிலை இருந்தனான். நீங்கள் எடுத்த போன் எல்லாம் பொக்கற்றுக்குள்ளை அதிந்தது. பதினொராவது தரம் நிப்பாட்டினன்.

மற்ற நாள் காலமை ஒருத்தரும் இல்லாத நேரம் சங்கிலியைக் கொண்டுபோய் வாத்துக்காலிலையிருந்து இழுத்துப் பாத்தன். பந்து நிண்ட இடத்திலை புல்லுக் கிளம்பிக் கிடந்தது. கடந்துதான் கிடந்தது. அரைச் சப்பாத்துக்கு மேலை.

ஐயா ஒரு சாணுக்குப் பன்ரண்டு வருசம் நிண்டார். அவற்றை மகன் ரெண்டு சொல்லிலை விட்டிட்டான்.

இதைப் பிள்ளைக்குச் சொல்லு. இல்லை, சொல்லாதை. எனக்குத் தெரியேல்லை. நீ தாய், நீ பார்.

தேவன்

* * *

டண்டினொங்
3.12.2025

அண்ணை,

உங்கடை கடிதத்தை வாசிச்சுப்போட்டு முதல் உங்களுக்கு எழுதினது இது இல்லை. முதல் எழுதினதை இவர் வாங்கிக் கிழிச்சவர். "தபாலிலை போற சொல்லில்லை இது" எண்டார். அதாலை நீங்கள் தப்பினீங்கள்.

ஒரு மாதம். ஒரு மாதம் என்ரை பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். நீங்கள் எனக்கு நத்தைக்கதை எழுதிக்கொண்டு இருந்தியள்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது எண்டு தெரியும்தானே. நேற்றுக் குசினியிலை இருத்தி நான் வாசிச்சுக் காட்டினன். சங்கிலியை மிதிச்ச இடம் வரேக்கை "ஐ நோ, அம்மா" எண்டான்.

"என்ன நோ?"

"மாமா குனிஞ்சு கண்ணிலை வைச்சவர். தென் ஸ்ரிக்கை முன்னுக்கு வைச்சவர். நான் கண்டனான்."

அவன் பத்தடி தள்ளி வலைக்கு அடிச்சுப் பழகிக்கொண்டு நிண்டவனாம். எல்லாம் கண்டவனாம்.

"ஏன்ரா கோச்சிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் றீப்ளே போடுவாங்கள், அம்மா. மாமா சங்கிலியைக் கும்பிடுறதைத் திரும்பத் திரும்பப் பெரிசாப் போடுவாங்கள். எல்லாரும் சிரிப்பாங்கள். லாஸ்ற் ரைம் சிரிச்ச வீடியோ நான் பாத்தனான். மாமாவும் சிரிச்சுக்கொண்டு நிண்டவர். ஐ ஹேற்றட் இற்."

நான் கடிதத்தை மேசையிலை வைச்சன். பேந்து அவனே சொன்னான். "நான் அடிச்சால் சரி எண்டு நினைச்சன். பந்து உள்ளை போனால் ஒருத்தரும் ஸ்ரிக்கைப் பற்றிக் கதைக்க மாட்டினம். அதை நினைச்சுக்கொண்டு அடிச்சன். பந்தை நினைச்சு அடிக்கேல்லை."

ரீம் பெடியளிட்டைத் தான் ஏன் போகமாட்டன் எண்டதையும் சொன்னான். பந்து விழுந்ததுக்காக இல்லையாம். கண்டும் சொல்லாமல் விட்டதுக்காம். "மூண்டு மாதம் எனக்கு முன்னாலை நிண்டு அடி வாங்கினவங்கள், அம்மா. ஐ லெற் தெம் லூஸ், தோக்க விட்டிட்டன். இப்ப போய்ச் சொல்லலாம். சொன்னால் மாமாவைக் காட்டிக் குடுத்த மாதிரி." 

உங்கடை வாயையும் சேர்த்து அவன் பொத்தி வைச்சிருக்கிறான், அண்ணை. ரெண்டு பேற்றை வாயைப் பொத்த அவனுக்கு ரெண்டு கையும் போச்சு.

எனக்கும் ஒண்டு கிடக்கு. மட்ச் நாள் காலமை மேய்ஸ் ஹில் முருகனிட்டைப் போனனானெல்லே. அங்கை நான் என்ன கேட்டனான் எண்டு இவருக்கும் தெரியாது, உங்களுக்கும் எழுத மாட்டன். அவன் நல்லா அடிச்சால் அமெரிக்காவுக்குக் கூப்பிடுவினம் எண்டு கோச் முதலே சொன்னவர், அமெரிக்கா சரியான தூரம். அவ்வளவுதான். நண்டைக் கொட்டினது உங்களிலை இருந்த கோபத்திலை மட்டும் இல்லை.

பார்பகியூ பதின்மூண்டாம் திகதி, பகல் பன்ரண்டு மணி. நான் வாங்கோ எண்டு கேக்கேல்லை.

திலகம்

* * *

வென்ற்வேர்த்வில்
8.12.2025

தங்கச்சி,

இந்த முறை நத்தை திண்ண முதல் எடுத்திட்டன். ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் பெட்டியைப் போய்ப் பாத்தனான்.

பெடியன் சொன்னதை வாசிச்சுப்போட்டு வெளியிலை போய் நிண்டனான். பேந்து வந்து திரும்ப வாசிச்சனான். அவன் திரும்பி என்னைப் பாத்தது, "ஏன் மாமா" எண்டு கேக்க இல்லை. "பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்ல. எனக்கு அறுபத்தொரு வயசு. இருபத்திரண்டு வயசுப் பெடியன் என்ரை வெக்கத்தையும் சேத்துத் தூக்கிக்கொண்டு பந்து அடிக்கப் போயிருக்கிறான். பந்து என்னெண்டு எழும்பும்?

கிரேக்கின்ரை வீட்டை போனனான். அவனுக்குத்தான் முதல் சொல்லவேணும், முன்கம்பு அவன்ரை. சொன்னன். தெரிஞ்ச இங்கிலீசிலை, மிச்சத்தைக் கையாலை காலாலை, சங்கிலியை மிதிச்சு, குனிஞ்சு, கண்ணிலை ஒத்தி எல்லாம் செய்து காட்டினன். அவன் காதுக்குள்ளை இருந்த குதிரை ரேஸைக் கழட்டி மேசையிலை வைச்சான். எட்டு மட்சிலை அவன் அதைக் கழட்டி நான் காணேல்லை. சிரிப்பான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். சிரிக்கேல்லை. "யூ பிளடி இடியற், தேவ்" எண்டான். பேந்து, "நான் கேட்டனான்தானே உன்னட்டை" எண்டான். அது சிரிச்சதை விடக் கூடச் சுட்டுது. பேந்து ஒரு பேனையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலமை ரெயினிலை வாறன். ஸ்ரேசனுக்கு ஒருத்தரும் வரவேண்டாம், டண்டினொங்குக்கு எந்த ரெயின் எண்டு கேட்டு வந்திடுவன். நண்டு வைக்காதை. சனிக்கிழமை நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்ச பிறகு, உனக்கு மனம் வந்தால் ஒரு பிளேன் ரீ தா, காணும். வரேக்கை பத்தாம் நம்பர் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு வாறன். அவன் போட்டாலும் சரி, திரும்பப் பெட்டிக்குள்ளை போட்டாலும் சரி.

ஷர்வினிட்டைச் சொல்லு, அவன் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. என்னைப் பாத்துச் சிரிக்கவும் தேவையில்லை. பக்கத்திலை வந்து நிக்கவும் தேவையில்லை. ஆனால் பார்க்குக்கு வரச் சொல்லு. அவன் இல்லாத இடத்திலை நான் சொன்னால் அது திரும்பவும் குப்பைக் கேற்றாலை போன மாதிரி.

ஆரும் போனிலை வீடியோ எடுத்தால் எடுக்கட்டும்.

கிரேக் எழுதித் தந்ததை நான் தமிழ் எழுத்திலை எழுதி, புல்லு வெட்டேக்கை வெட்டேக்கை பாடமாக்கினனான். அவன் நீளமா எழுதினவன், சங்கிலி, பூசை, எங்கடை வழக்கம் எல்லாம் போட்டு. நான் அதையெல்லாம் வெட்டிப்போட்டன். அதுகளைச் சொன்னால் நான் தப்பப் பாக்கிற மாதிரி இருக்கும். மிச்சம் இவ்வளவுதான். பெடியனிட்டை வாசிச்சுக் காட்டு, பிழை கிடந்தால் திருத்தச் சொல்லு:

"மை நேம் இஸ் தேவன். ஐ ஹெல்ட் த ஸ்ரிக். ஐ புற் இற் இன் த ரோங் பிளேஸ். ஐ நியூ. ஐ செட் யெஸ்."

அண்ணை